இசப்கோல்: குதிரைக்காதும் உமியும்

மலம் இளகத் தண்ணீரில் கலந்து குடிக்கும் இசப்கோலின் கடைசியில் இருக்கும் கோல், நம்முடைய கோல் இல்லை. பாம்பனில் எங்கள் தெருக் கடையில் வள்ளத்துக்குப் போகும் ஓர் அண்ணன், “இசைக்கோல் ஒரு பாக்கெட்டு குடுங்க, மூலச்சூடு தாங்கல” என்று கேட்டார். அதைக் கேட்டபோதுதான் இந்தச் சொல்லைப் பற்றி எழுதத் தோன்றியது.

இது பாரசீகச் சொல். அஸ்ப் என்றால் குதிரை. குதிரைக்காது என்பதே பெயரின் பொருள். விதையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் காரணம் புரியும். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் குழிவு, முனைகள் கூம்பியிருக்கும். நம் கரைக்காரர்கள் பெயர் வைத்திருந்தால் வள்ளம் என்றே வைத்திருப்பார்கள். கிரேக்கர்களுக்கோ இந்த இனத்து விதை தெள்ளுப்பூச்சியாகத் தெரிந்தது. மாத்திரைக் கடைகளில் சொல்லும் ‘சைலியம்’ அப்படி வந்ததுதான்.

குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளைகிற செடி இது. பாக்கெட்டில் நாம் வாங்குவது பெரும்பாலும் விதை அல்ல, அதன் மேல்தோல். ‘ஹஸ்க்’ என்று அச்சிட்டிருப்பார்கள். உமி என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கும்போது அது எதற்கு? ஊர் ஊராகப் பழகிவிட்ட இசப்கோலை மாற்ற வேண்டாம். இசப்கோல் உமி என்றால் போதும்.

ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் உமியைப் போட்டுக் கொஞ்ச நேரம் விடுங்கள். உமி ஊதி, தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கொழகொழவென்று ஆகிவிடும். கீழக்கரை வீடுகளில் நோன்பு மாதத்தில் காய்ச்சும் கடல்பாசி, இறுகுவதற்குச் சற்று முன் இருக்குமே, கிட்டத்தட்ட அந்தப் பதம். குடலுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. மலம் ஈரத்தோடு இளகுவதால் முக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் முக்கி முக்கித்தான் ஆசனவாயின் ரத்தக்குழாய்கள் வீங்குகின்றன. அந்த வீக்கத்தையே மூலம் என்கிறோம். மூலம் வடசொல், வேர் என்று பொருள். பைல்ஸ், பந்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

சரி, ஆதாரம் உண்டா? உண்டு. மூலத்துக்கு இசப்கோல் உமி போன்ற நார்ப்பொருள் கொடுத்துப் பார்த்த 7 சோதனைகளை, மொத்தம் 378 பேரை, 2005-இல், மருத்துவச் சோதனைகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத்தொகுப்பு சேர்த்துப் பார்த்தது. நார்ப்பொருள் எடுத்தவர்களுக்கு ரத்தம் போவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. வலி, அரிப்பு, சதை வெளியே தள்ளுவது ஆகியவற்றில் அந்த உறுதி கிடைக்கவில்லை. சோதனைகளும் சிறியவை. ஆரஞ்சு வகைத் தோலில் கிடைக்கும் பொருளிலிருந்து செய்யும் டயோஸ்மின் போன்ற மருந்துகள் ரத்தத்துக்கும் அரிப்புக்கும் உதவுவதாக 2012-இல் இன்னொரு தொகுப்பு சொன்னது. துத்தி இலையும் கருணைக்கிழங்கு லேகியமும் நம் வைத்தியத்தில் நெடுங்காலமாக இருப்பவை. நான் அவற்றை மதிக்கிறேன். ஆனால் நோயாளிகளை வைத்து எண்ணிப் பார்த்த சோதனைகள் அவற்றுக்கு இந்த அளவு சேரவில்லை.

இசப்கோல் போன்றவற்றை ‘சப்ளிமென்ட்’ என்ற பெயரிலும் விற்கிறார்கள். அதற்குத் துணையுணவு என்பதே சரியான தமிழ். சோறு, காய், தண்ணீர் முதலில், இது துணைக்கு. இந்தியச் சட்டப்படியும் துணையுணவு உணவுவகைதான், நோயைக் குணமாக்கும் என்று அதன் மேல் எழுதக்கூடாது. அப்புறம், ரத்தம் போனாலே மூலம் என்று நாமாக முடிவுகட்டக் கூடாது. குடல் புற்றுநோயிலும் ரத்தம் போகும். ஒருமுறை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

உமியைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் தொண்டையிலேயே ஊதி அடைத்துக்கொள்ளும். அதனால் அந்த அண்ணனிடம், “வள்ளத்துக்கு எவ்வளவு தண்ணிண்ணே எடுத்துட்டுப் போறீங்க?” என்றுதான் முதலில் கேட்டேன். நாலு பேருக்கு ஒரு கேன் என்றார். கடலில் வேண்டாம், கரைக்கு வந்து நிறையத் தண்ணீரோடு குடியுங்கள் என்று சொல்லி, பாக்கெட்டின் பின்பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன்.