கரண்ட் வைத்துத் துள்ளும் தசையும், நரம்பு வந்து சேரும் தசையும்

இரு சக்கர வாகனத்திலிருந்து விழுந்து, கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள நரம்புகள் இழுபட்டு, விரல்கள் அசைந்தும் முழங்கை மடங்காமல் தவிக்கும் இளைஞர்கள், விபத்து நடந்து பத்து மாதம் கழித்து வருவது வாடிக்கையாகிவிட்டது. சென்ற வாரம் வந்தவரின் தோள் எலும்பு தோலுக்கடியில் துருத்திக்கொண்டு நின்றது. மேற்கையின் முன்புறத்தைப் பிடித்தால், தசை இருக்க வேண்டிய இடத்தில் எலும்புதான் விரலில் இடறியது. "கரண்ட் வைக்கும்போது நல்லா துள்ளுது டாக்டர், நரம்பு வந்துடுச்சுன்னுதான் இருந்தோம்" என்றார் உடன் வந்த தந்தை. தசையை மின்சாரத்தால் தூண்டும் சிகிச்சையைத்தான் 'கரண்ட்' என்கிறார்.

இந்த ஒரு நம்பிக்கை எத்தனை கைகளைக் கெடுத்திருக்கிறது என்று சொல்லி மாளாது. நரம்பு அறவே இல்லாத தசையும், போதிய நேரம் நீடிக்கும் மின்துடிப்பை நேராக அதன்மீது செலுத்தினால் சுருங்கவே செய்யும். அந்தத் துள்ளல் தசை நார்கள் இன்னும் முற்றிலும் அழியவில்லை என்பதை மட்டுமே காட்டுகிறது. நரம்பு எங்கே நிற்கிறது என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. இயன்முறை மருத்துவர்கள் இதை நன்கறிவார்கள்; மாதக்கணக்கில் கரண்ட் வைத்துக் கட்டணம் வாங்கும் மற்றவர்கள்தாம் சொல்வதில்லை.

நரம்பு வளரும் என்பது மெய்தான். முறையாக இணைக்கப்பட்ட நரம்பின் இழைகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீண்டு, தசையை அடைந்ததும், பழைய நரம்பு தசையோடு சேர்ந்திருந்த அதே புள்ளிகளையே பெரும்பாலும் தேடிப் பிடிக்கின்றன. நரம்பு சிதைந்த பின்னும் தசை நாரைப் போர்த்தியிருக்கும் மெல்லிய படலத்தில் அக்ரின் போன்ற புரதங்கள் அங்கே தங்கி, நரம்பின் செய்தியை வாங்கும் ஏற்பிகள் அவ்விடத்தில் திரள வழிசெய்கின்றன. வந்து சேர்ந்த இழைகள் குறைவானால், ஒவ்வொன்றும் கிளைவிட்டு அண்டை நார்களையும் ஏற்றுக்கொள்ளும். அதனால்தான் பாதி இழைகள் வந்தாலும் பயன்படத்தக்க வலிமை கிடைக்கிறது.

ஆனால் தசை என்றென்றும் காத்திருக்காது. ஏறத்தாழ 12 முதல் 18 மாதங்களுக்குள் நரம்பு வராவிட்டால், நார்கள் மெலிந்து, இடையில் கொழுப்பும் வடுத்திசுவும் நிறைந்து, பின்னர் வரும் இழைக்குப் பற்றிக்கொள்ள இடமிருக்காது. கழுத்தருகே தைத்து 30 சென்டிமீட்டர் வளர்ந்து வர ஏறக்குறைய 300 நாள் ஆகும் என்பதால்தான், 1994-இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஓபர்லின் விவரித்த முறையில், சுண்டுவிரல் பக்கமாகக் கைக்கு இறங்கும், நன்றாக வேலை செய்யும் அல்னார் நரம்பிலிருந்து சில இழைகளைப் பிரித்து, முழங்கையை மடக்கும் தசைக்குச் செல்லும் நரம்புடன் தசையை ஒட்டியே இணைக்கிறோம். தூரம் சுருங்கிவிடுகிறது. பத்து மாதம் கழித்து வருபவருக்கு அந்த வாய்ப்பும் நழுவும் நிலையில் இருக்கிறது.

கத்தியோ கண்ணாடியோ வெட்டி, விரல் மரத்தாலோ அசையாவிட்டாலோ, தோலை மட்டும் தைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். விபத்தில் இழுபட்ட நரம்பென்றால், மூன்று நான்கு வாரங்களில், தசையின் மின் இயக்கத்தைப் பதிவுசெய்யும் ஈ.எம்.ஜி. பரிசோதனை செய்து, மூன்று மாதத்திற்குள் நரம்பு அறுவை மருத்துவரைக் கண்டுவிடுங்கள். பொறுத்துப் பார்க்கலாமா என்பதை அவர் உங்களைச் சோதித்துச் சொல்லட்டும், பக்கத்து வீட்டார் சொல்ல வேண்டாம். காத்திருக்கும் நாட்களில் மூட்டுகள் இறுகிவிடாமல் மறுகையால் தினமும் மடக்கி நீட்டுங்கள். மரத்த தோலில் வெந்நீர் ஒத்தடம் மட்டும் தயவுசெய்து வேண்டாம்; சூடு தெரியாமல் வெந்து கொப்பளித்த கைகளையும் நாங்கள்தான் பார்க்கிறோம்.