லோடு இருக்கிறது, எடைச்சீட்டு இல்லை: ஒன்-டு-ஒன் உறவில் யாருக்கு யார் கட்டாயம்?

மாம்பழ சீசன் முடிந்து விவசாயிகளுக்குக் கணக்குத் தீர்க்கும் நேரத்தில்தான் இந்தப் பிழை வெளியே தெரியவரும். லோடு பதிவாகியிருக்கும், அதற்கான எடைச்சீட்டு தரவுத்தளத்தில் இருக்காது. கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கத்து மாங்கூழ் ஆலைகளுக்கும் மண்டிகளுக்கும் மென்பொருள் செய்து தரும் வேலையில் இதை வேறுவேறு இடங்களில் பார்த்திருக்கிறேன். எழுதிய தம்பியைக் கேட்டால் வரும் பதிலும் ஒன்றுதான்: "ரெக்வயர்டுன்னுதான் சார் போட்டிருக்கேன், எப்படி இல்லாம போகும்?"

கட்டாயம் என்று போட்டிருப்பது உண்மை. ஆனால் ஓஆர்எம் (புரோகிராமையும் டேபிளையும் இணைக்கும் மென்பொருள்) அதை ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் காக்கிறது. எடைச்சீட்டு என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு லோடு இருந்தே ஆகவேண்டும். லோடு இருந்தால் எடைச்சீட்டு இருந்தே ஆகவேண்டும் என்பதை அது பார்ப்பதில்லை.

டேபிளைத் திறந்து பாருங்கள், காரணம் அங்கேயே இருக்கிறது. எந்த லோடு என்று சுட்டும் ஃபாரின் கீ உட்கார்ந்திருப்பது எடைச்சீட்டு டேபிளில். அதற்கு ‘நாட் நல்’ (நல் ஆக, அதாவது காலியாக, இருக்கக்கூடாது) போட்டதால் லோடு இல்லாத சீட்டு நுழையாது. ‘யூனிக்’ போட்டதால் ஒரே லோடுக்கு இரண்டாவது சீட்டு நுழையாது. லோடு டேபிளிலோ சீட்டைப் பற்றி ஒரு ஃபீல்டுகூடக் கிடையாது. புதிதாக ஒரு லோடு வரிசை உள்ளே வரும்போது தரவுத்தளம் எதை வைத்துச் சரிபார்க்கும்? ஆக, நாம் ஒன்றுக்கு ஒன்று என்று நினைத்து எழுதியது டேபிளில் ஒன்றுக்குப் பூஜ்யம் அல்லது ஒன்று என்றே நிற்கிறது.

எல்லா ஃபிரேம்வொர்க்கிலும் இதே கதைதான், பிழை முகம் காட்டும் இடம் மட்டும் மாறும். டாட்நெட்டின் என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோரில் ‘இஸ்ரெக்வயர்டு’ என்று உறவுக்கு எழுதினால் ஃபாரின் கீ நல் ஆகக்கூடாது என்றுதான் அர்த்தம். தாய்ப் பதிவு (இங்கே லோடு) தனியாக நிற்பதை அது தடுக்காது. ஜாவாவின் ஹைபர்நேட்டில் ‘மேப்டுபை’ எழுதிய, ஃபாரின் கீ இல்லாத பக்கத்தை லேசி (தேவைப்படும்போது மட்டும் எடு) என்று குறித்தாலும், வழக்கமான அமைப்பில் அது உடனே போய்த் தேடும். எதிரே பதிவு இருக்கிறதா, இல்லையா என்று தெரியாமல் அதனால் ப்ராக்ஸி (தற்காலிகப் பதிலி) வைக்க முடியாது. அதனால் 200 லோடுகளைப் பட்டியல் போட்டால் தரவுத்தளத்துக்குக் கூடவே 200 கேள்விகள் போகும், எல்லாவற்றையும் ஒரே கேள்வியில் எடுக்கும் ஜாயின் ஃபெட்ச் எழுதாதவரை.

பைதானின் ஜாங்கோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், நம் பக்கத்தில் சின்ன நிறுவனங்கள் நிறைய அதில்தான் எழுதுகின்றன. அதில் ஒன்டுஒன்ஃபீல்ட் என்பது யூனிக் போட்ட ஃபாரின் கீ. லோடு பக்கத்திலிருந்து சீட்டைக் கூப்பிட்டு அது இல்லாவிட்டால் ஜாங்கோ ‘ரிலேட்டட் ஆப்ஜெக்ட் டஸ்நாட் எக்ஸிஸ்ட்’ என்று பிழை எறியும். இந்தப் பிழை ஆட்ரிபியூட் எர்ரரின் (‘அப்படி ஒரு பண்பு இல்லை’ என்ற பைதான் பிழையின்) வாரிசும்கூட என்பதால், பண்பு இருக்கிறதா என்று கேட்கும் ‘ஹேஸ்ஆட்டர்’ வைத்துப் பார்த்தால் பொய் என்று அமைதியாகத் திரும்பிவிடும். இங்கேதான் விபரீதம் ஆரம்பிக்கிறது. திரையில் பிழை வருகிறதே என்று ஒருவர் ஹேஸ்ஆட்டர் போட்டு மூடுவார், அறிக்கையில் இன்னொருவர் "சீட்டு இல்லையென்றால் எடை பூஜ்யம்" என்று எழுதுவார். பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிவந்து ஆலை வாசலில் வரிசையில் காத்துக் கிடந்த விவசாயியின் லோடு அப்படித்தான் பூஜ்யம் கிலோவாகிறது. பிழை எறிந்திருந்தால் அன்றைக்கே யாராவது ஆலைக்குப் போன் செய்திருப்பார்கள்.

பதிவு சேமிக்கப்பட்டதும் ஜாங்கோ அனுப்பும் ‘போஸ்ட் சேவ்’ சிக்னல் வைத்துச் சீட்டைத் தானாக உருவாக்கும் வழியை நிறையப் பேர் நம்புகிறார்கள். நான் பரிந்துரைப்பதில்லை. பல பதிவுகளை ஒரேயடியாக ஏற்றும் ‘பல்க் கிரியேட்’ அந்த சிக்னலை அனுப்பாது. போன வருடத்துப் பதிவுகளை எக்செல்லிலிருந்து மொத்தமாக ஏற்றும் அன்று எல்லா லோடும் சீட்டில்லாமல் வந்து நிற்கும். சிக்னல் ஒழுங்காக வேலை செய்தாலும் அது உருவாக்குவது வெற்றுச் சீட்டு. எடை இல்லாத எடைச்சீட்டை வைத்து யாருக்கு என்ன பயன்?

சரி, என்ன செய்யலாம்? புரோகிராம் எழுதுவதற்கு முன்னால் எடைமேடையில் இருப்பவரிடம் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அப்படி உட்கார்ந்தபோது ஒரு பெரியவர் சொன்னார்: "தம்பி, குட்டியானையில மூணு பேரு காய ஒண்ணா ஏத்தினு வருவாங்க, எடை ஒண்ணுதான் போடுவோம்." அங்கே லோடு என்பது விவசாயிக் கணக்கில் ஒன்று, வண்டிக் கணக்கில் வேறு. சந்தேகம் வந்து மறு எடை போட்டாலோ பழைய சீட்டு ரத்தாகிப் புதுச் சீட்டு வரும், ரத்தான சீட்டையும் தணிக்கைக்கு வைத்திருக்கவேண்டும். இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் அது ஒன்-டு-ஒன் உறவே அல்ல. மறு எடை உள்ள இடத்தில் ஒன்றுக்குப் பல என்று வைத்து, ரத்தாகாத சீட்டு ஒன்றுக்குமேல் இருக்கக்கூடாது என்று போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பகுதி யூனிக் இன்டெக்ஸ் (குறிப்பிட்ட வரிசைகளுக்கு மட்டும் பொருந்தும் யூனிக் விதி) போடுவதுதான் நேர்மையான மாடல்.

இதை விட்டுவிட்டு ஒன்-டு-ஒன்னிலேயே பிடிவாதமாக இருந்தால் என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோரில் ஒரு பொறி இருக்கிறது. பழைய சீட்டு நினைவில் ஏற்றப்பட்டிருக்கும்போது அதன் இடத்தில் புதுச் சீட்டை வைத்தால், உறவு கட்டாயம் என்பதால் பழையதை அது அழித்துவிடும். ஏற்றப்படாமல் இருந்தால் யூனிக் பிழை வரும். பிழை வருவது பரவாயில்லை. சத்தமில்லாமல் அழிவதுதான் ஆபத்து.

இதற்கு அடுத்து கேட்கவேண்டியது, எந்த நொடியிலிருந்து கட்டாயம் என்பது. ஆலைக்குள் வண்டி வந்ததும் டோக்கன் கொடுக்கிறார்கள். அப்புறம் லோடு வண்டி எடை, பிறகு காய் இறக்கம், கடைசியில் காலி வண்டி எடை. இரண்டையும் கழித்தால் நிகர எடை. சீசன் உச்சத்தில் டோக்கனுக்கும் முதல் எடைக்கும் நடுவே பல மணி நேரம் போய்விடும். டோக்கன் கொடுக்கும்போதே லோடு வரிசையை உருவாக்கினால் அத்தனை நேரமும் சீட்டில்லாத லோடு இருந்தே தீரும், எந்த ஃபிரேம்வொர்க்காலும் அதைத் தடுக்க முடியாது. நான் டோக்கனைத் தனி டேபிளாக வைக்கச் சொல்வேன். முதல் எடை விழும்போது லோடும் சீட்டும், நடந்தால் முழுதாக, இல்லையென்றால் எதுவுமே இல்லை என்கிற ஒரே டிரான்சாக்‌ஷனில் சேர்ந்து பிறக்கட்டும். காலி வண்டி எடை மட்டும் அப்போது நல் ஆக இருக்கலாம், பணப் பட்டுவாடா அது நிரம்பிய பிறகுதான்.

இப்படி இரண்டும் சேர்ந்தே பிறந்து சேர்ந்தே வாழ்கின்றன என்றால் எதற்கு இரண்டு டேபிள்? பெரும்பாலான இடங்களில் ஒரே டேபிள் போதும். லோடு வண்டி எடைக்கு நாட் நல் போட்டால் தரவுத்தளமே காவல் நிற்கும். டேபிள் ஒன்றாகவே இருந்து, புரோகிராமில் மட்டும் தனி வகுப்பாக வேண்டுமென்றால் ஹைபர்நேட்டில் எம்பெடபிள் இருக்கிறது, என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோரில் ஓன்டு டைப் இருக்கிறது. பின்னதில் ஓன்டு பொருளைக் கட்டாயமாக்கும் வசதி 2020-இல் வந்த 5.0 பதிப்பிலிருந்து உண்டு. ஒன்றைக் கவனிக்கவேண்டும்: எம்பெடபிளின் எல்லா ஃபீல்டும் நல் ஆக இருந்தால் ஹைபர்நேட் அந்தப் பொருளையே நல் என்று திருப்பித் தரும்.

ஒருவேளை அனுமதி உரிமை காரணமாகவோ, எடைமேடை மென்பொருள் தனியாக எழுதுவதாலோ இரண்டு டேபிள் தவிர்க்க முடியாது என்றால், போஸ்ட்கிரெஸ்ஸில் நல்ல வழி ஒன்று உண்டு. இரண்டுக்கும் ஒரே ப்ரைமரி கீ (வரிசையை அடையாளம் காட்டும் எண்) வையுங்கள். சீட்டின் கீ லோடைச் சுட்டட்டும், லோடின் கீ சீட்டைச் சுட்டட்டும். லோடு பக்கத்து ஃபாரின் கீயை ‘டெஃபரபிள் இனிஷியலி டெஃபர்டு’ என்று அறிவித்தால் சோதனை, மாற்றங்களை நிரந்தரமாக்கும் கமிட் நேரத்துக்குத் தள்ளிப்போகும். முதலில் லோடு, பிறகு சீட்டு, பிறகு கமிட். சீட்டை மறந்தால் கமிட் தோற்கும், இரண்டு பக்கமும் உண்மையிலேயே கட்டாயமாகிவிடும். ஆரக்கிளிலும் எஸ்கியூஎலைட்டிலும் இப்படித் தள்ளிவைக்கலாம். மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபியிலும் எஸ்கியூஎல் சர்வரிலும் முடியாது. அங்கே லோடை உருவாக்க ஒரே ஒரு ஃபங்ஷனை மட்டும் அனுமதித்து, சீட்டில்லாத லோடுகளைத் தேடும் லெஃப்ட் ஜாயின் கேள்வி ஒன்றைத் தினமும் இரவில் ஓடவிட்டு, ஒரு வரிசை வந்தாலும் ஆலைக் கணக்காளருக்குச் செய்தி போகும்படி செய்யவேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் ஆலையில் இதைச் சேர்ப்பதென்றால் சீசனுக்கு முன்பே செய்துவிடுங்கள். பழைய அனாதை (சீட்டில்லாத) லோடுகள் இருக்கும்போது புது ஃபாரின் கீ ஏறாது. போஸ்ட்கிரெஸ்ஸில் ‘நாட் வேலிட்’ போட்டு ஏற்றினால் புதிதாக வரும் வரிசைகளை அன்றிலிருந்தே சோதிக்கும், பழையவற்றைத் தொடாது. பழைய லோடுகளை ஆலையின் காகிதச் சீட்டுக் கட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு நிரப்புங்கள். காகிதமும் கிடைக்காத லோடுக்குப் பூஜ்யம் போடாமல், அந்த விவசாயியைக் கூப்பிட்டு அவரிடம் இருக்கும் நகலைக் கேளுங்கள். எல்லாம் சரியானதும் பழைய வரிசைகளையும் சோதிக்கும் ‘வேலிடேட் கன்ஸ்ட்ரெயிண்ட்’ ஓட்டலாம்.