சென்சார் ஏன் உளறுகிறது?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல்லுக்குத் தண்ணீர் வைக்க, வயலில் இறக்கிய குழாய்க்கு மேல் ஒலியால் தூரம் அளக்கும் அல்ட்ராசானிக் சென்சாரை வைத்து ராஸ்பெர்ரி பை 3 என்ற சிறு கணினியில் இணைத்தேன். திரையில் கேள்விக்குறியும் கட்டமுமாக வருகிறது. சென்சார் போய்விட்டதா?"

பெரும்பாலும் போயிருக்காது. இவ்வகை சென்சார்கள் பல, எழுத்தாக அனுப்பாமல் வெறும் எண்களாக அனுப்புபவை. 255, 2, 88, 89 என்று வந்தால் முதல் எண் தொடக்க அடையாளம். அடுத்த இரண்டும் தூரம்: 2×256+88, அதாவது 600 மில்லிமீட்டர். கடைசி எண் சரிபார்ப்பு: முதல் மூன்றையும் கூட்டினால் 345, அதில் 256 போக 89. இதையே எழுத்தாகக் காட்டச் சொன்னால் இரண்டு குப்பைக் குறிகளும் 'எக்ஸ் ஒய்'யும்தான் தெரியும். அதனால் முதலில் எண்களாக அச்சிட்டுப் பாருங்கள்.

கூட்டல் ஒத்துவரவில்லையா? அப்போது கோளாறு பெரும்பாலும் நேரக்கணக்கில். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடமும் இதுதான். சென்சாருக்கும் பைக்கும் பொதுக் கடிகாரம் கிடையாது. சும்மா இருக்கும்போது கம்பி உயர் மின்னழுத்தத்தில் நிற்கும். அனுப்பத் தொடங்கும்போது சென்சார் அதைக் கீழே இழுக்கும்; இது ஸ்டார்ட் பிட் (பிட் என்றால் ஒரு 0 அல்லது 1). 9600 பாட் வேகத்தில், அதாவது வினாடிக்கு 9600 பிட் என்றால், ஒரு பிட்டுக்கு 104 மைக்ரோவினாடி. பை அந்த இறக்கத்தைக் கண்டதும் ஒன்றரை பிட் நேரம் பொறுத்து, முதல் தரவு பிட்டின் நட்டநடுவில் எட்டிப் பார்க்கும். ஓரத்தில் மின்னழுத்தம் மாறிக்கொண்டிருக்கும், நடுவில் நிலைத்திருக்கும். இப்படியே எட்டு பிட், அப்புறம் முடிவைக் காட்டும் ஸ்டாப் பிட்.

கடிகாரங்கள் 2 சதவீதம் விலகினால்? ஸ்டாப் பிட்டின் நடு, தொடக்கத்திலிருந்து 9.5 பிட் தள்ளி இருக்கிறது. அதில் 2 சதவீதம் 0.19 பிட். ஓரத்துக்கு அரை பிட் தூரம் இருப்பதால் தப்பித்தோம். 6 சதவீதம் என்றால் 0.57, பக்கத்து பிட்டைப் படித்துவிடும். அடுத்த ஸ்டார்ட் பிட்டில் விலகல் மறுபடி பூஜ்யம். நாதஸ்வரமும் தவிலும் ஆவர்த்தனத்துக்கு ஆவர்த்தனம் சமத்தில் கூடிக்கொள்வதைப் போல.

பை 3-இல் ஒரு வில்லங்கம் உண்டு. இப்படி பிட் பிட்டாக அனுப்பி வாங்கும் சுற்றுக்கு யூஆர்ட் என்று பெயர்; பையில் அது இரண்டு. நல்ல யூஆர்ட்டை புளூடூத்துக்குக் கொடுத்துவிட்டு, நாம் கம்பி செருகும் பின்களுக்கு மினி யூஆர்ட்டை விட்டிருக்கிறார்கள். அதன் வேகம் சிப்பின் உள் கடிகாரத்தைச் சார்ந்தது. அது 250-இலிருந்து 400 மெகாஹெர்ட்ஸுக்குத் தாவினால் பாட் வேகமும் 1.6 மடங்காகும். கான்ஃபிக் கோப்பில் யூஆர்ட்டை இயக்கும் வரியைச் சேர்த்தால் கடிகாரம் 250-இல் பூட்டப்படும். புளூடூத் வேண்டாமென்றால் அதை அணைத்து நல்ல யூஆர்ட்டையே வாங்கிக்கொள்ளலாம்.

மற்றவை வழக்கமானவை. சென்சாரின் டிஎக்ஸ் (அனுப்பும் முனை) பையின் ஆர்எக்ஸுக்கு (வாங்கும் முனை) போகவேண்டும். இரண்டின் கிரவுண்டும் ஒன்றாக இணைந்திருக்கவேண்டும். 5 வோல்ட் சமிக்ஞையை நேராகக் கொடுத்தால் பையின் அந்தப் பின் கெட்டுவிடலாம், 3.3-ஐத் தாண்டக் கூடாது. இதே வழியைப் பிடித்துக்கொள்ளும் சீரியல் லாகின் ஷெல்லை பையின் அமைப்பில் அணையுங்கள். சந்தேகமிருந்தால் சென்சாரைக் கழற்றி, பையின் 8-ஆம் பின்னையும் (டிஎக்ஸ்) 10-ஆம் பின்னையும் (ஆர்எக்ஸ்) ஒரு கம்பியால் இணைத்து எதையாவது அனுப்புங்கள். அனுப்பியதே திரும்பி வந்தால் பை பக்கம் சரி. பெட்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, சாறு போர்டில் சொட்டாதவரை. ஆனால் செயலி திறப்பு விழாக்களுக்குச் செலவிடும் பணத்தில் கம்பியில் ஓடும் பிட்டுகளைப் படமாகக் காட்டும் லாஜிக் அனலைசரை ஊருக்கொன்று வாங்கித் தரலாம்.

எல்லாம் சரியாக இருந்து, பம்ப்செட் மோட்டார் போடும்போது மட்டும் எண்கள் கெட்டால், நீளமான கம்பி மோட்டாரின் மின் இரைச்சலை இழுக்கிறது. வயலுக்கும் மோட்டார் கொட்டகைக்கும் நடுவே சமிக்ஞையை இரைச்சல் தாங்கும் வடிவுக்கு மாற்றும் ஆர்எஸ்-485 மாற்றி ஒரு ஜோடி போட்டு, முறுக்கிய இரட்டைக் கம்பியில் கொண்டுவாருங்கள்.