விளம்பரத்தை நிறுத்தினால் கூகுளிலிருந்து கடை காணாமல் போகாது

"தம்பி, விளம்பரத்துக்குப் பணம் கட்டுறதை நிறுத்திட்டா கூகுள்ல இருந்தே நம்ம கடை காணாமப் போயிரும்னு சொல்றாங்க. நெசமாங்க?"

இந்த மாதத்தில் இந்தக் கேள்வி என்னிடம் வருவது மூன்றாவது தடவை. கேட்டவர் கோவையில் வெட் கிரைண்டர் செய்து விற்கும் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அக்கா. அப்பா காலத்துப் பட்டறை. ஆன்லைன் ஆர்டரை இவர்தான் கவனிக்கிறார். கூகுள் விளம்பரத்தை ஓர் ஏஜென்சியிடம் ஒப்படைத்து இரண்டு வருடம் ஆகிறது. மாதம் 30,000 ரூபாய் போகிறது. அதில் கூகுளுக்கு எவ்வளவு, ஏஜென்சிக் கூலி எவ்வளவு என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. மாதாமாதம் வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப். வருமாம், பச்சை நிறத்தில் மேல்நோக்கிய அம்புக்குறிகளோடு.

தேடல் விளம்பரமும், விளம்பரம் இல்லாமலே வெப்சைட்டைத் தேடலில் மேலே கொண்டுவரும் எஸ்.இ.ஓ. வேலையும்தான் என் தொழில். இந்தத் தொழிலில் இருப்பவர்களே வாடிக்கையாளரை இப்படிப் பயமுறுத்திப் பணம் வாங்குவதைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. அதனால் இந்த ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் போனில் 'வெட் கிரைண்டர் கோயம்புத்தூர்' என்று தேடிப் பாருங்கள். 'ஸ்பான்சர்ட்' என்ற குறிப்போடு வருபவை விளம்பரங்கள். மேப்போடு சேர்ந்து வரும் கடைகளின் பட்டியல் வேறு. அதற்கும் கீழே வரும் சாதாரண முடிவுகள் வேறு. ஒரே திரையில் வருவதால் ஒரே வரிசை மாதிரித் தெரிகிறது, ஆனால் இவை மூன்றும் தனித்தனி. விளம்பர இடத்துக்கு ஒவ்வொரு தேடலிலும் ஏலம் நடக்கிறது. அங்கே பணமும் விளம்பரத்தின் தரமும் சேர்ந்து பேசும். பணம் நின்றால் அந்த இடம் போய்விடும், அது உண்மை. மேப் பட்டியலுக்குப் பணமே கிடையாது. தேடியதற்கு எவ்வளவு பொருத்தம், தேடுபவரிடமிருந்து எவ்வளவு தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்பவைதான் கணக்கு. சாதாரண முடிவுகளுக்கும் பணம் கிடையாது. விளம்பரம் கொடுப்பதால் சாதாரண முடிவுகளில் உங்கள் இடம் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை என்பதைக் கூகுளே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. 2000-இல் ஆட்வேர்ட்ஸ் என்று தொடங்கி 2018-இல் கூகுள் ஆட்ஸ் என்று பெயர் மாறிய அந்த விளம்பரக் கடைக்கும் தேடல் வரிசைக்கும் நடுவே சுவர் இருக்கிறது. உங்கள் ஏஜென்சிக்காரர் அந்தச் சுவரில் கதவு வைத்திருப்பதாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

அப்புறம் ஏன் இத்தனை பேர் நம்புகிறார்கள்? காரணம் இருக்கிறது. கடைக்காரர் எதைத் தேடிப் பார்க்கிறார்? தன் கடைப் பெயரைத்தான். பெயரை அடித்தால் மேலே விளம்பரம், கீழே வெப்சைட் என்று இரண்டு தடவை வருகிறது. விளம்பரம் ஒருநாள் நின்றால் மேலே இருந்தது மட்டும் மறைகிறது. 'முதலிடம்' போய்விட்டது என்று பதறிப் போன் செய்கிறார். அந்தப் பதற்றத்தில்தான் அடுத்த மாதத் தொகை வசூலாகிறது.

அக்காவின் கூகுள் விளம்பரக் கணக்கைப் பார்க்க அனுமதி வாங்குவதற்கே மூன்று தடவை கேட்க வேண்டியிருந்தது. திறந்து பார்த்தால், பி.டி.எஃப்.பில் பெருமையாகக் காட்டிய கிளிக்குகளில் பாதிக்கு மேல் அந்தக் கடைப் பெயரையே தேடி வந்தவை. அவர்கள் முகவரி தெரிந்து கதவைத் தட்ட வந்தவர்கள். விளம்பரம் இல்லாவிட்டாலும் கீழே இருக்கும் வெப்சைட் லிங்க்கை அழுத்தி வந்திருப்பார்கள். இது என் ஊகம் இல்லை. இ-பே நிறுவனம் 2012-இல் அமெரிக்காவில் தன் பெயரைத் தேடுபவர்களுக்குக் காட்டும் விளம்பரங்களைச் சில தேடுபொறிகளில் நிறுத்திப் பார்த்தது. நின்றுபோன கிளிக்குகளில் 99.5 சதவீதம் சாதாரண முடிவுகள் வழியாகவே திரும்பி வந்துவிட்டன. போட்டிக்காரர் உங்கள் பெயரில் விளம்பரம் போடுகிறார் என்றால் கதை வேறு, அப்போது யோசிக்கலாம். அக்காவின் பெயரில் யாரும் போடவில்லை.

மிச்சப் பணம் எங்கே போனது? 'சர்ச் டெர்ம்ஸ்' ரிப்போர்ட்டைத் திறந்து அவரிடம் போனைக் கொடுத்தேன். விளம்பரத்தை அழுத்தியவர்கள் உண்மையில் என்ன அடித்தார்கள் என்று காட்டும் இடம் அது. அவர் விரலால் தள்ளித் தள்ளிச் சத்தமாகப் படித்தார். கிரைண்டர் பெல்ட் விலை. கிரைண்டர் ரிப்பேர் பக்கத்தில். கிரைண்டர் கல் கொத்தும் ஆள். ஆங்கிள் கிரைண்டர் டிஸ்க். காபிக் கொட்டை அரைக்கும் மெஷின். கிரைண்டர் ஆபரேட்டர் வேலை. "நாம புது டேபிள் டாப்பும் டில்டிங்கும்தானே விக்கிறோம்?" என்று நிமிர்ந்து பார்த்தார். ஏஜென்சி போட்டிருந்தது 'கிரைண்டர்' என்ற ஒரே சொல், அதுவும் பிராட் மேட்ச், அதாவது அந்தச் சொல்லோடு தொடர்புள்ள தேடல்களுக்கெல்லாம் விளம்பரம் காட்டும் முறை. கூகுள் ஆட்ஸில் நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் கிடைப்பது பிராட் மேட்ச்தான். இந்தச் சொல் வந்தால் விளம்பரத்தைக் காட்டாதே என்று சொல்லும் நெகட்டிவ் கீவேர்டு, இரண்டு வருடத்தில் ஒன்றுகூடச் சேர்க்கப்படவில்லை. ரிப்பேர், பெல்ட், ஆங்கிள், காபி, வேலை என்று சேர்க்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது. ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பவர்கள் நம் ஊரில் நிறைய. அந்த வடிவங்களையும் தனியாகச் சேர்க்க வேண்டும், சிறிய ஏஜென்சிகள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான்.

இன்னொரு பொத்தான். அக்கா தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான் அனுப்புகிறார். கணக்கில் இடம் தமிழ்நாடு என்றே இருந்தது. ஆனால் அதற்குள், அங்கே இருப்பவர்கள் மட்டும் என்று தேர்வு செய்யவில்லை. தானாக வரும் அமைப்பில் அந்த ஊர்மீது ஆர்வம் காட்டியவர்களும் சேர்த்தி, அவர்கள் எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. வடக்கிலிருந்து வந்த கிளிக்குகளுக்கும் இவர்தான் காசு கொடுத்திருக்கிறார்.

பில்லில் 'மெட்டா கீவேர்டு பராமரிப்பு' என்றும் ஒரு வரி இருந்தது. வெப்சைட் பக்கத்துக்குள் கண்ணில் படாமல் எழுதி வைக்கும் தேடல் சொற்களின் பட்டியல் அது, ஒரு டேக். தேடல் வரிசைக்கு அந்த டேகைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் அறிவித்தது 2009-இல். இத்தனை வருடம் கழித்தும் அதற்கு மாதச் சந்தா.

'முதலிடம் கேரண்டி' பற்றியும் சொல்ல வேண்டும். அந்தக் கேரண்டியை யாராலும் கொடுக்க முடியாது. கூகுளே அப்படி எழுதியிருக்கிறது. கொடுப்பவர்கள் வழக்கமாகச் செய்வது, யாரும் தேடாத நீளமான ஒரு வாக்கியத்தில் முதலிடம் வாங்கி ஸ்க்ரீன்ஷாட் அனுப்புவது. இல்லையென்றால் காசு கொடுத்து வெளித் தளங்களிலிருந்து லிங்க் வாங்குவது. இரண்டாவதுதான் ஆபத்து. குறுக்கு வழிக்காக 2006-இல் பி.எம்.டபிள்யூ.வின் ஜெர்மன் தளத்தையே கூகுள் தேடலிலிருந்து தூக்கியது. 2011-இல் ஜே.சி.பென்னி என்ற அமெரிக்கக் கடைத்தொடர், காசுக்கு வாங்கிய லிங்க்குகளுக்காகக் கீழே தள்ளப்பட்டது. அவர்கள் பெரிய நிறுவனங்கள், மீண்டு வந்தார்கள். ஒரு பட்டறையின் வெப்சைட்டுக்கு அந்தத் தாங்கு சக்தி கிடையாது.

தயவுசெய்து இவற்றைச் செய்யுங்கள். விளம்பரக் கணக்கு உங்கள் மெயிலில், உங்கள் பெயரில் இருக்கட்டும், அட்மின் நீங்கள். ஏஜென்சி, பல வாடிக்கையாளர் கணக்குகளை ஒரே இடத்திலிருந்து கவனிக்கும் தன் மேனேஜர் கணக்கிலிருந்து இணைந்து வேலை செய்யலாம், பிடிக்காத அன்று இணைப்பைத் துண்டித்துவிடலாம். கணக்கே அவர்களுடையது என்றால், விலகும்போது உங்கள் இத்தனை வருட விவரமும் அவர்களோடு போய்விடும். வெப்சைட்டின் முகவரிப் பெயரான டொமைனுக்கும் இதே கதைதான். கூகுளுக்குப் போகும் பணத்தை உங்கள் கார்டிலிருந்தே கட்டுங்கள், கூலியைத் தனியாகக் கொடுங்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. முன்பணமாக 10,000 ரூபாய் கட்டினால் விளம்பரத்துக்குக் கிடைப்பது சுமார் 8,475 ரூபாய்தான். நாளுக்கு 500 ரூபாய் என்று வைத்தால் ஒருசில நாள் 1,000 வரை போகலாம். மாத மொத்தம் 500-இன் 30.4 மடங்கைத் தாண்டாது, அதனால் ஒருநாள் கணக்கைப் பார்த்துப் பதற வேண்டாம். உங்கள் விளம்பரத்தை நீங்களே தேடித் தேடிப் பார்க்காதீர்கள். அதற்கென்று கூகுள் ஆட்ஸுக்குள்ளேயே ஒரு பிரிவியூ கருவி இருக்கிறது.

"கூகுள்ல இருந்து பேசுறோம், பணம் கட்டாட்டி மேப்ல உங்க கடையை எடுத்துருவோம்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். மேப்பில் உங்கள் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம். அதை வைத்திருக்க யாருக்கும் பணம் கட்டத் தேவையில்லை.

அக்காவுக்கு அட்மின் உரிமை போன வாரம் கைக்கு வந்தது. கடைப் பெயருக்கான விளம்பரத்தை நிறுத்திவிட்டோம். முதல் இரண்டு நாள் அவருக்குத் தூக்கம் இல்லை. கடைப் பெயரை அடித்தால் வெப்சைட் முதலாவதாகவே வருகிறது, பெயர் தெரிந்தவர்களின் போன்களும் வந்துகொண்டிருக்கின்றன. புது டேபிள் டாப் தேடுபவர்களுக்கான விளம்பரம் மட்டும் ஓடுகிறது.

அந்த சர்ச் டெர்ம்ஸ் பட்டியலை அவர் தூக்கிப் போடவில்லை. காசு கொடுத்து வாங்கிய பட்டியல் அது. பெல்ட், கல் கொத்துவது என்று இத்தனை பேர் தேடுகிறார்கள் என்றால், பதில் சொல்லத் தெரிந்தவர் அந்தப் பட்டறையிலேயே இருக்கிறார். எந்த மாடலுக்கு எந்த அளவு பெல்ட், கல் எப்போது வழுவழுப்பாகிறது, வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது என்று அப்பா சொல்லச் சொல்ல இவர் எழுதி வெப்சைட்டில் ஏற்றுகிறார். நேற்றிரவு அப்பாவின் கை உளியோடு கல் கொத்தும் படம் ஒன்றை எனக்கு அனுப்பி, "இது போதுமா தம்பி, இன்னும் கிட்டத்துல எடுக்கணுமா?" என்று கேட்டிருந்தார். உளி விழும் இடம் தெரிகிற மாதிரி இன்னும் கிட்டத்தில் எடுக்கச் சொன்னேன்.