ரோஜா இலையை வட்டமா வெட்டுறது யாரு?

"ரோஜா இலை ஓரமெல்லாம் பஞ்சிங் மெஷின்ல வெட்டுன மாதிரி வட்ட வட்டமா போயிருக்கு, புழுவும் கண்ணுல படல, என்ன மருந்து அடிக்கலாம்?"னு ஒருத்தர் கேட்டிருந்தாங்க. முதல்ல மருந்தை கீழ வைங்க. அது புழு இல்ல, இலைவெட்டித் தேனீ. திங்கிறதுக்கு வெட்டல, பிள்ளைக்கு தொட்டில் கட்ட வெட்டுது. செடிக்கு பெருசா ஒண்ணும் ஆகாது.

தேனீன்னாலே ராணி, வேலைக்காரத் தேனீ, அடைன்னுதான் ஸ்கூல்ல படிச்சோம். ஆனா உலகத்துல இருக்கற 20,000 சொச்சம் தேனீ இனங்கள்ல பெரும்பாலானது தனிக்கட்டை, ராணியும் கிடையாது கூட்டமும் கிடையாது, ஒவ்வொரு பொண்ணும் தானே கூடு கட்டி தானே இரை தேடி தானே முட்டை போடணும், இலைவெட்டியும் அப்படித்தான். காவல் காக்க தேன் கிடங்கு இல்லாததால நம்மள கொட்ட வர்றதும் அபூர்வம்.

எனக்கு ரொம்ப பிடிச்சது இலைவெட்டி கூடு கட்டுற விதம்தான். பென்சில் தடிமன்ல ஒரு ஓட்டை, காஞ்ச தண்டோ மரத்துல வண்டு போட்ட துளையோ, கிடைச்சா போதும். நீள்வட்டமா வெட்டுன இலைத்துண்டை சுருட்டி சுவராக்கி, உள்ள மகரந்தமும் பூந்தேனும் பிசைஞ்ச ஒரு உருண்டை வச்சு, அது மேல ஒரே ஒரு முட்டை, அப்புறம் கச்சிதமா வட்டமா வெட்டுன துண்டால மூடி, அதுக்கு முன்னாடி அடுத்த அறை, இப்படியே வாசல் வரைக்கும். இதுல உள் அறையில எல்லாம் பொண்ணு, வாசல் பக்கம் பையன்! எப்படின்னா, அம்மா விந்தை வயித்துக்குள்ள ஒரு பையில சேமிச்சு வச்சிருக்கும், முட்டை போடும்போது அதை கொஞ்சம் திறந்து விட்டா பொண்ணு, திறக்கலன்னா அப்பா இல்லாத பையன். பையன்தான் சீக்கிரம் வளர்ந்து முதல்ல வெளிய வருவான், அவனை உள்ள போட்டா வழி அடைச்சுக்கும்ல? எதிரி வாசலை உடைச்சாலும் முதல் பலி அவன்தான். பொண்ணுக்கு உருண்டையும் பெருசு.

மகரந்தச் சேர்க்கையிலயும் இது கில்லாடி. நாம தேன் எடுக்கற அடைத் தேனீ மகரந்தத்தை ஈரமாக்கி கால்ல கெட்டியா ஒட்டிக்கும், இது வயித்து முடியில பவுடரா அப்பிக்கும், அடுத்த பூவுல உட்கார்ந்தாலே உதிரும். குதிரைமசால்ங்கற மாட்டுத் தீவனப் பயிரோட பூவுல உட்கார்ந்தா, பூவுக்குள்ள இருக்கற மகரந்தத் தண்டு ஸ்பிரிங் மாதிரி தெறிச்சு தலையில அடிக்கும், அடைத் தேனீ அடி வாங்கினதும் பக்கவாட்டுல தேனை திருட கத்துக்கும், இது அடியை கண்டுக்காது. அமெரிக்கா, கனடாவுல குதிரைமசால் விதைக்காகவே இதை வளர்க்கறாங்க. இருந்தும் ஆராய்ச்சிப் பணம் அடைத் தேனீ பக்கமே சாயுது, தேன் விக்கலாம்ல, எனக்கு அதுல எரிச்சல்தான்.

நாளைக்கு காலையில வெயில் ஏறினதும் அந்த ரோஜா பக்கத்துல நில்லுங்க. இலை ஓரத்துல உட்கார்ந்து கத்தரி மாதிரி சில நொடியில வெட்டும், துண்டு விழறதுக்கு முன்னாடியே இறக்கை அடிக்க ஆரம்பிச்சு, பாயை சுருட்டின மாதிரி வயித்துக்கு கீழ இடுக்கிட்டு பறந்துடும்.