மூளைக்குக் கரண்ட் வைக்கலாமா?

களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் பயிற்சி கொடுக்கப் போயிருந்தேன். வாவியில் வலை போட்டுப் பிழைத்த ஐயா, பாரிசவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. சாய்மனைக் கதிரையில் இருந்தவரின் நெற்றியில் இரண்டு பக்கமும், மயிர் தொடங்குகிற இடத்தில், முத்திரை குத்தினதுபோல இரண்டு சிவந்த சதுரங்கள். ஒன்றின் ஓரத்தில் சின்னக் கொப்புளம்.

என்னவென்று கேட்டதும் அம்மாதான் பேசினார். "கோவிக்காத மனே. என்ட முழங்காலுக்கு வாங்கின கரண்ட் மெஷினப் பெடியன் அவருக்குத் தலையில வெச்சவன். கை எழும்பும் எண்டு போனில காட்டினவங்களாம். கண்ணுக்குள்ள பளிச் பளிச்செண்டு மின்னினதாம். மூளை முழிக்குது எண்டு நாங்களும் சந்தோசப்பட்டம்."

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த மகன் பார்த்த காணொளிக்குப் பின்னால் உண்மையான ஆராய்ச்சி இருக்கிறது. அது எதுவரை உண்மை என்பதைத்தான் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

2000ஆம் ஆண்டில் ஜேர்மனியின் கோட்டிங்கன் நகரில் மைக்கல் நிட்ஷே, வால்டர் பவுலஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1 மில்லியம்பியர் மின்னோட்டத்தைச் சில நிமிடங்கள் தலைக்கு மேலால் செலுத்திப் பார்த்தார்கள். கையை அசைக்கிற மூளைப் பகுதிக்கு மேல் நேர்மின்வாயை வைத்தபோது அந்தப் பகுதி இலகுவில் தூண்டப்பட்டது. எதிர்மின்வாயை வைத்தபோது மந்தமானது. மின்னோட்டத்தை நிறுத்திய பிறகும் அந்த மாற்றம் சில நிமிடங்கள் நீடித்தது. இன்றும் ஆய்வுகூடங்களில் பெரும்பாலும் 1 முதல் 2 மில்லியம்பியர்தான், உப்புநீரில் நனைத்த பஞ்சு வழியாக, 20 நிமிடமளவில் கொடுக்கிறார்கள். மனநலப் பிரிவில் மயக்கம் கொடுத்துச் செய்யும் மின்வலிப்புச் சிகிச்சையோடு இதைக் குழப்ப வேண்டாம். அங்கே போவது 800 மில்லியம்பியர் அளவில். அதன் நோக்கமும் வேறு, பயனும் வேறு.

இந்த 2 மில்லியம்பியரும் முழுதாக மூளைக்குப் போவதில்லை. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறக்குறைய முக்கால்வாசி தோலிலும் தசையிலும் மண்டையோட்டிலுமே கழிந்துவிடுவது தெரிந்தது. மிச்சம் உள்ளே உண்டாக்கும் மின்புலம் பொதுவாக மீற்றருக்கு 1 வோல்ற்றைத் தாண்டாது. அதனால் ஒரு நரம்புக்கலத்தின் மென்சவ்வில் ஏற்படும் மாற்றம் 1 மில்லிவோல்ற்றுக்கும் குறைவு. சும்மா இருக்கும் கலம் ஒன்று துடிக்க, அதாவது அடுத்த கலத்துக்குச் சைகை அனுப்ப வேண்டுமென்றால் 15 மில்லிவோல்ற்று அளவுக்கு ஏற வேண்டும். ஆகவே தூங்குகிற கலத்தை இந்தக் கரண்ட் தட்டி எழுப்பாது. துடிக்கலாமா வேண்டாமா என்று விளிம்பில் நிற்கும் கலங்களை மட்டும் கொஞ்சம் முந்தவோ பிந்தவோ வைக்கும்.

இங்கேதான் தாளம் வருகிறது. மூளைக்குள் கலங்கள் கூட்டமாகத் துடிக்கின்றன. 1924இல் ஹான்ஸ் பேகர் என்ற ஜேர்மன் மனநல வைத்தியர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தார். கண்ணை மூடி ஓய்வாக இருக்கும்போது செக்கனுக்கு 8 முதல் 13 தடவை எழும் அலையை அவர்தான் காட்டினார். அதே மீடிறனில், அதாவது செக்கனுக்கு அதே தடவைக் கணக்கில், திசை மாறி மாறி ஓடும் மெல்லிய மின்னோட்டத்தை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன நடக்கும்?

எங்கள் ஊர்க் கூத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணாவியார் மத்தளத்தை அடிக்கிறார், சல்லரி சேர்கிறது, ஆட்டக்காரரின் சதங்கை அதற்குள் விழுகிறது. களரிக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். ஆட்டம் தளர்ந்திருக்கும் நேரத்தில் அந்தத் தட்டு தாளத்தோடு பொருந்தினால் கால்கள் இறுகும். மத்தளம் ஏற்கெனவே பிடியாகப் போய்க்கொண்டிருந்தால் வெளித்தட்டு அதோடு மோதிக் காலைக் குழப்பும். கூத்தே தொடங்காத வெறுங் களரியில் எவ்வளவு தட்டினாலும் அருச்சுனன் வரவு வராது. 2022இல் மொன்றியல் ஆய்வாளர்கள் குரங்குகளில் பார்த்தது இதைப் போன்றதுதான். தாளத்தோடு இறுகக் கட்டுண்டு துடித்த கலங்களை மெல்லிய மின்னோட்டம் முதலில் அந்தத் தாளத்திலிருந்து தளர்த்தியது. மின்னோட்டத்தைக் கூட்டிய பிறகுதான் அவை அதன் தாளத்துக்கு வந்தன.

ஐயாவின் கண்ணில் மின்னிய வெளிச்சத்துக்கும் மூளை விழிப்பதற்கும் சம்பந்தமில்லை. நெற்றியில் வைக்கும் கரண்ட் தோல்வழியே பரவிக் கண்ணின் விழித்திரையைத் தொட்டால் அப்படி மின்னும். இதைச் சொன்னபோது அம்மாவின் முகம் வாடிப்போனது. எனக்கும் மனம் கனத்தது.

உயர்தரம் எழுதும் பிள்ளைக்கு மறதி போக, மூளைக்குக் கரண்ட் கொடுக்கும் தலைப்பட்டியை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கலாமா என்று கல்முனைப் பக்கத்திலிருந்தும் கேட்கிறார்கள். 2006இல் ஜேர்மனியின் லூபெக் நகரில், ஆழ்ந்து உறங்கியவர்களுக்கு செக்கனுக்கு ஒன்றிலும் குறைந்த மெதுவான அலையாக மின்னோட்டம் கொடுத்தபோது, முதல்நாள் படித்த சொற்கள் கூடுதலாக நினைவில் நின்றன. பிறகு வேறு இடங்களில் செய்தபோது அது எல்லாருக்கும் கிடைக்கவில்லை. 2013இல் ஒக்ஸ்போர்ட் ஆய்வு ஒன்றில், புதிய எண் குறியீடுகளை வேகமாகக் கற்க உதவிய அதே தூண்டல், கற்றது தானாகக் கைவருவதைக் கெடுத்தது. மின்வாயை இடம்மாற்றி வைத்தபோது விளைவும் தலைகீழானது. வளர்கிற மூளையில், இடமும் அளவும் தெரியாமல், வீட்டு மேசையில் இதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பிள்ளையை இரவு பத்து மணிக்குப் படுக்க விடுங்கள். அந்த மெதுவான அலையை உறக்கம் தானே தரும்.

இன்னொன்று: ஆய்வுகளில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, ஒரு சாராருக்கு முதல் 30 செக்கன் மட்டும் கரண்ட் கொடுத்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். அவர்களுக்கும் அதே ஊசி குத்துகிற உணர்வு இருக்கும். "எனக்குச் சுகம் தெரியுது" என்று அவர்களிலும் பலர் சொல்வார்கள்.

நோவு குறைய முழங்காலுக்கு வைக்கும் டென்ஸ் மெஷின் வேறு சாமான். அதன் துடிப்புகள் பல கருவிகளில் 50 மில்லியம்பியரையும் தாண்டும். அதைத் தலையிலோ கழுத்தின் முன்பக்கமோ ஒருபோதும் வைக்காதீர்கள். வலிப்பு உள்ளவர்கள், தலையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள், இதயத்தில் கருவி பொருத்தியவர்கள் எந்தக் கரண்ட் என்றாலும் முதலில் வைத்தியரிடம் கேட்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது: ஷெல் துண்டு தலைக்குள் இருக்க, அதை யாரிடமும் சொல்லாமல் வாழ்கிறவர்கள். தயவுசெய்து சொல்லுங்கள்.

பாரிசவாதத்துக்கு இந்தத் தூண்டலை முறையாக ஆராய்கிறவர்களும் பெரும்பாலும் கைப்பயிற்சியோடு சேர்த்துத்தான் கொடுத்துப் பார்க்கிறார்கள். அன்றைக்கு ஐயாவின் கொப்புளத்தை வைத்தியரிடம் காட்டச் சொல்லிவிட்டு, மெஷினை அம்மாவின் முழங்காலுக்கே திருப்பிக் கொடுத்தேன். பிறகு பழைய வலைத்துண்டு ஒன்றை அவர் மடியில் விரித்து, வலை ஊசியை வலது கையில் வைத்தேன். இரண்டு தடவை நழுவி விழுந்தது. மூன்றாம் தடவை மகன் குனிந்து எடுக்கப் போனார். ஐயா இடக்கையால் அவரை மறித்துவிட்டு, ஊசியைத் தானே தேடினார்.