எந்தக் குழந்தையோடு ஒப்பிடுவது?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காரணம் தெரியாமல் திடீரென இறந்த சிசுக்களின் உடலைக் கூறாய்வு செய்த மருத்துவர்கள், நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பி அளவுக்கு மீறிப் பெரிதாக இருப்பதாகக் கண்டு, அதுவே மூச்சுக்குழாயை அழுத்திக் குழந்தையைக் கொன்றிருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார்கள். ஆனால் அவர்கள் கையிலிருந்த 'இயல்பான' அளவு, நெடுநாள் நோயிலும் ஊட்டக்குறைவிலும் வாடி இறந்த ஏழைகளின் சடலங்களிலிருந்து பெறப்பட்டது. நோயில் தைமஸ் சுருங்கிவிடும். ஆகவே நலமாக இருந்து சட்டென இறந்த குழந்தையின் சரியான சுரப்பி அவர்கள் கண்ணுக்கு வீக்கமாகத் தெரிந்தது. இந்தப் பிழையை நம்பி, உயிரோடிருந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளின் மார்பில் எக்ஸ் கதிர் பாய்ச்சப்பட்டது. பிற்காலத்தில் அவர்களிடையே தைராய்டு புற்றுநோய் மிகுந்தது.

திடீர் சிசு மரணம் என்பது ஒரு நோயின் பெயரன்று. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் மரணத்துக்கு எல்லாத் தேடலுக்குப் பின்னும் காரணம் அகப்படாதபோது சூட்டப்படும் பெயர் அது. 1969-இல் அமெரிக்காவின் சியாட்டில் மாநாட்டில் நோயியல் மருத்துவர் புரூஸ் பெக்வித் முன்மொழிந்தது. மென்மையான படுக்கையில் முகம் புதைந்து மூச்சடைத்த குழந்தையின் உடலையும் இத்தகைய குழந்தையின் உடலையும் கூறாய்வு மேசையில் வைத்துப் பிரித்தறிவது பெரும்பாலும் இயலாது. அதனால் இன்றைய தடய விசாரணையில், பெற்றோரிடம் ஒரு பொம்மையைக் கொடுத்து, குழந்தையைக் கிடத்திய நிலையையும் பிறகு கண்ட நிலையையும் வைத்துக் காட்டச் சொல்கிறார்கள். கேட்பவருக்கே கை நடுங்கும் வேலை அது.

இத்துறையின் மிகப் பெரிய வெற்றி நுண்ணோக்கியில் கிடைத்ததன்று. இறந்த குழந்தைகள் எப்படிப் படுக்க வைக்கப்பட்டார்கள் என்பதை, அதே வயதில் உயிரோடிருக்கும் குழந்தைகளோடு ஒப்பிட்டபோதுதான் குப்புறப் படுக்கையின் ஆபத்து தெளிவாயிற்று. மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்ற பிரசாரம் பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் தொடங்கியது. அமெரிக்காவில் இம்மரணங்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன.

குப்புறப் படுத்த எல்லாக் குழந்தைகளும் ஏன் இறப்பதில்லை? 1994-இல் ஆய்வாளர்கள் ஃபிலியானோவும் ஹன்னா கின்னியும் கூறிய விளக்கத்தின்படி, உள்ளே மறைந்திருக்கும் ஒரு குறை, வளர்ச்சியின் நெருக்கடியான மாதங்கள், வெளியிலிருந்து வரும் ஓர் இடர் ஆகிய மூன்றும் ஒருசேரக் கூடும்போதே மரணம் நேர்கிறது. முகம் துணியில் அழுந்திய குழந்தை தான் விட்ட காற்றையே மீண்டும் இழுக்கும்போது, இரத்தத்தில் கரியமில வாயு ஏறுவதை மூளைத்தண்டு உணர்ந்து, குழந்தையை விழிக்கச் செய்து, தலையைத் திருப்ப வைக்க வேண்டும். இந்த எச்சரிக்கையில், செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரோட்டோனினைச் சுரக்கும் நரம்பணுக்களுக்குப் பங்குண்டு. கின்னியின் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வாறு இறந்த 35 குழந்தைகளின் மூளைத்தண்டில் செரோட்டோனின் அளவு 26 விழுக்காடு குறைவாக இருந்தது.

எதைவிடக் குறைவு? வேறு காரணத்தால் திடீரென இறந்த வெறும் 5 குழந்தைகளைவிட. நலமான குழந்தையின் மூளைத்தண்டை எவரும் தானமாகத் தரப்போவதில்லை என்பதால், இந்தச் சிறிய எண்ணைக் குறையாகச் சொல்வதில் நியாயமில்லை. ஆக்சிஜன் பற்றாக்குறையே செரோட்டோனினைக் குறைத்திருக்கலாமோ என்ற ஐயத்தைச் சோதிக்க, நெடுநாள் ஆக்சிஜன் குறைவால் மருத்துவமனையில் இறந்த குழந்தைகளையும் அக்குழுவினர் தனியே சேர்த்துப் பார்த்தார்கள். தைமஸ் காலத்தில் இல்லாத கவனம் இது.

2022-இல் சிட்னி ஆய்வாளர்கள் இந்த முட்டுக்கட்டையைச் சுற்றிச் செல்ல வேறு வழி கண்டார்கள். பிறந்த சில நாட்களில் எல்லாக் குழந்தைகளின் குதிகாலிலிருந்தும் எடுத்துக் காகிதத்தில் உலர்த்தி வைத்திருந்த இரத்தத் துளிகளில், பின்னர் இறந்தவர்களுடையதை அதே நாளில் பிறந்து வாழும் குழந்தைகளுடையதோடு ஒப்பிட்டார்கள். பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் செயல்பாடு இறந்தவர்களிடம் சராசரியில் குறைந்திருந்தது. காரணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று செய்திகள் முழங்கின. ஆனால் இரு குழுக்களின் அளவுகளும் ஒன்றன்மேல் ஒன்று பெரிதும் படிந்திருந்ததால், ஒரு தனிக் குழந்தையின் துளியைப் பார்த்து அது எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று சொல்ல முடியாது.